நீண்ட தூர பைக் ராலி: கருவியிடம் எதை விடுவது, கையில் எதை வைத்துக்கொள்வது

நீண்ட தூர ராலிக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஜிபிஎஸ் வாங்கலாம் என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: பகல் முழுக்க ஓட்டிவிட்டு ராத்திரி 3 மணிக்கும் சீட்டில் இருக்கும்போது, நின்ற நேரத்தையும் சேர்த்து உங்கள் சராசரி வேகம் என்ன? பெரும்பாலும் பதில் வராது. அந்த எண் தெரியாதவருக்கு எவ்வளவு நல்ல ஜிபிஎஸ்ஸும் தப்பான நேரத்தைத்தான் காட்டும். அது சாலையை வைத்துக் கணக்குப் போடுகிறது, உங்களை வைத்து இல்லை.

இது ரேஸ் இல்லை என்பதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய அயர்ன் பட் ராலி 11 நாள் நடக்கும். பலர் ஓட்டுவது சுமார் 11,000 மைல், அதாவது கிட்டத்தட்ட 17,700 கிலோமீட்டர். போனஸ் இடங்களின் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு, சிலவற்றுக்குப் பகலில் மட்டும் என்ற நிபந்தனையும் உண்டு. எங்கே போவது, எதை விடுவது என்பது உங்கள் பாடு. ஆனால் செக்பாயிண்டுக்கு, அதாவது எல்லோரும் வந்து பதிவு செய்யும் இடத்துக்கு, குறித்த நேரத்தில் வந்தாக வேண்டும். தாமதமானால் புள்ளி வெட்டு. ரொம்பத் தாமதமானால் ஆட்டத்திலேயே இல்லை.

புதியவர்கள் பெரும்பாலும் சேடில்சோர் 1000 என்ற ஒரு நாள் ஓட்டத்தில் தொடங்குவார்கள். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர். பயப்பட வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். நின்ற நேரமும் சேர்த்து மணிக்கு 67 கிலோமீட்டர் போதும். ஓடும்போது சராசரி 90 என்றால் 18 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், 6 மணி நேரம் மிச்சம். அதை 100 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றே முக்கால் மணி நேரம். வழியில் 8 முறை நிற்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் 13 நிமிஷம் குறைத்தாலே அதே ஒன்றே முக்கால் மணி நேரம் வந்துவிடும். அதற்குப் பெரிய இன்ஜின் வேண்டாம், ஆபத்தும் இல்லை. வேகமான வண்டி வாங்க நினைக்கிறவர்களை இந்தக் கணக்கின் முன்னால்தான் உட்கார வைப்பேன்.

அதனால் முதல் பயிற்சி பெட்ரோல் பங்க்கில். உள்ளே திரும்பும் முன்பே ஓடோமீட்டர் எண்ணை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு எப்போதும் இடது மேல் பாக்கெட்டில், பேனா அதற்குள்ளேயே. ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். டேங்க்கை நிரப்பி, ரசீதை வாங்கியதும் அங்கேயே பாருங்கள், நீங்கள் அந்த நேரத்தில் அங்கே இருந்ததற்கு அதுதான் சாட்சி: தேதி, நேரம், இடம் மூன்றும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா? பல நேரம் மை மங்கி நேரம் மட்டும் விழாமல் போகும். அப்படியானால் கிளம்புவதற்கு முன்பே வேறு ரசீது கேட்டு வாங்குங்கள். சரியாக இருந்தால் பின்பக்கம் ஓடோமீட்டர் எண்ணை எழுதி, ஜிப் வைத்த பையில் போடுங்கள். அப்புறம் வைசரைத் துடைப்பது, தண்ணீர், கழிப்பறை. எந்த வரிசை வசதியோ அதையே வைத்துக்கொண்டு, ஒருபோதும் மாற்றாதீர்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் மூளை வேலை செய்யாது, கைப்பழக்கம்தான் வேலை செய்யும். 8 நிமிஷத்தில் கிளம்பிவிடலாம். ஃபோனை எடுத்தீர்களோ, 20 நிமிஷம் எங்கே போனது என்றே தெரியாது.

கூடுதல் டேங்க் வைப்பவர்கள் உண்டு. அயர்ன் பட் ராலியில் மொத்த அளவு 11.5 கேலனைத் தாண்டக் கூடாது, சுமார் 43.5 லிட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் 870 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் நிற்காமல் ஓட்டுவதற்காக அந்த டேங்க் இல்லை, உடம்பும் அதற்கு ஒத்துழைக்காது. பங்க் இல்லாத, அல்லது ராத்திரியில் மூடிவிடும் பகுதியில் எங்கே நிற்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடிகிறது. அதுதான் லாபம்.

இப்போது ஜிபிஎஸ். வழி சொல்லும் வேலையை முழுசாக அதனிடம் விட்டுவிடுங்கள், அது உங்களைவிட நன்றாகச் செய்யும். ஆனால் அதற்குள் எண்களைப் போடுவது நீங்கள். பட்டியலில் ஓர் இடத்தின் அட்சரேகை 34 பாகை 30 நிமிஷம் என்று இருப்பதை அவசரத்தில் 34.30 என்று அடித்துவிடுவார்கள். ஒரு பாகைக்கு 60 நிமிஷம், 30 நிமிஷம் என்பது அரைப் பாகை, ஆக அது 34.50. இந்த 0.20 பாகை தரையில் சுமார் 22 கிலோமீட்டர். கருவி எச்சரிக்காது, தப்பான இடத்துக்கு மிகச் சரியாகக் கொண்டுபோய் விடும். எல்லா இடங்களையும் ஏற்றியதும் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு புள்ளியும் சொன்ன ஊர்ப்பக்கம்தான் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குறுக்கு வழி என்று மண் சாலையில் இழுத்துவிடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வந்து சேரும் நேரத்தை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். என் கணக்கு இது: ஓடும்போது சராசரி 90, நின்றதும் சேர்த்தால் 75. அப்படியானால் ஜிபிஎஸ் 5 மணி நேரம் என்று காட்டினால் நான் 6 என்று எழுதிக்கொள்வேன். பின்னிரவில் அதற்கும் மேல். உங்கள் எண் வேறாக இருக்கும், பயிற்சி ஓட்டங்களில் அதைக் கண்டுபிடியுங்கள்.

கூடுதல் விளக்குகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. போடுங்கள், ஆனால் வேகத்தைக் கூட்டுவதற்காகப் போடாதீர்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. சுதாரித்துப் பிரேக்கில் கை போக ஒன்றரை நொடி, அது 42 மீட்டர். காய்ந்த நல்ல சாலையில் நிற்க இன்னும் 55 மீட்டர் போல. களைப்பில் அந்த ஒன்றரை நொடி இரண்டரை ஆனால் மேலும் 28 மீட்டர் போய்விடும். விளக்கு தூரத்தைக் காட்டும், அந்த ஒரு நொடியைத் திருப்பித் தராது. ஏபிஎஸ்ஸும் பிரேக்கைப் பிடித்த பிறகுதான் உதவிக்கு வரும்.

தூக்கம் விஷயத்தில் எந்தக் கருவியும் உங்களுக்குப் பதிலாக முடிவெடுக்காது. பின்னிரவு 2 மணி முதல் விடியும் வரை உடம்பு தானாகவே மந்தமாகும்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கொஞ்சம். எதிரே வண்டி வந்தும் ஹைபீமை இறக்க மறப்பது, கை அசையவில்லை என்று நினைக்கும்போதே வேகம் ஏறி இறங்குவது, கடந்து வந்த ஊர் நினைவில் இல்லாதது... இதில் ஒன்று வந்தாலே நிற்க வேண்டும். பாதுகாப்பான இடத்தில், ஹெல்மெட்டுக்குள் சத்தம் கேட்கும்படி அலாரம் வைத்து 20 நிமிஷம் படுங்கள். காபி குடிப்பதானால் படுப்பதற்கு முன் குடியுங்கள், அது வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகும். இரண்டாவது முறையும் அதே அறிகுறி வந்தால் குட்டித் தூக்கம் போதாது, அறை எடுத்துத் தூங்குங்கள். 100-இல் போகும்போது 3 நொடி கண் அசந்தால் வண்டி 83 மீட்டர் தானாகப் போயிருக்கும்.

புள்ளி சரிபார்க்கும் மேசையிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே போனஸ் பறிபோவது பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்களுக்காக. போனஸ் இடத்துக்குப் போனதற்குச் சாட்சியான ஃபோட்டோவில், ஓட்டுநரின் எண் போட்ட ராலிக் கொடி இருக்கும், அந்த எண் மடிப்புக்குள் மறைந்திருக்கும். பலகையைப் படம் எடுக்கச் சொல்லியிருப்பார்கள், இவர் சிலையை எடுத்திருப்பார். 300 கிலோமீட்டர் ஓட்டிப் போய், பட்டியலின் இரண்டாவது வரியைப் படிக்காமல் வந்தவரிடம் பூஜ்யம் என்று சொல்வது வேதனையாக இருக்கும். படம் எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள், பட்டியலை வாய்விட்டு இன்னொரு முறை படியுங்கள், பிறகு சாவியைத் திருப்புங்கள்.

எதை விடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. 40 நிமிஷச் சுற்றில் 300 புள்ளி, 2 மணி நேரச் சுற்றில் 800. முதலாவது நிமிஷத்துக்கு 7.5, இரண்டாவது 7-க்கும் கீழே. ஆனால் சின்னதை எடுத்த பிறகு மிஞ்சும் 80 நிமிஷத்தில் வேறு எதுவும் கிடைக்காது என்றால், பெரியதுதான் சரி. மென்பொருள் இந்த வரிசையை நொடியில் போட்டுத் தரும். காற்று முகத்தில் அறைய, கழுத்து வலிக்க, அந்த 2 மணி நேரம் உங்களுக்கு இரண்டரை ஆகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாங்குவதற்கு என் வரிசை: முதலில் காது அடைப்பான், பிறகு உடம்புக்குப் பொருந்தும் சீட், காற்றுத் தடுப்பு, விளக்கு, கடைசியில்தான் பெரிய திரை. காற்றிரைச்சல் ஆளைச் சோர வைப்பது பலருக்கு அதை அடைத்த பிறகுதான் புரிகிறது. பயிற்சிக்கு, விடுமுறை நாளில் 500 கிலோமீட்டர் வட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, திரையில் வந்து சேரும் நேரம் காட்டும் இடத்தை டேப் ஒட்டி மறையுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்று டேங்க் மேல் எழுதி வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் உண்மையான நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். நாள் முழுக்க அந்த வித்தியாசம் 10 நிமிஷத்துக்குள் நிற்கும்வரை ராலிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.