புது டிவியில் படம் சீரியல் மாதிரி ஓடியது

புது டிவியில் எந்தப் படம் போட்டாலும் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. பேனல்தான் பழுது என்று நினைத்தேன். காரணம் வேறு. சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம்களில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுக்கப்படுகிறது. டிவி திரையோ நொடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பிக்கிறது. நடுவில் இல்லாத ஃபிரேம்களை டிவியே கணித்துச் செருகிவிடுகிறது. (கேட்காமலே செய்கிற உதவி!)

பிக்சர் செட்டிங்ஸில் 'மோஷன்' என்று வரும் வசதியைத் தேடி அணைத்தேன். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபிலிம்மேக்கர் மோட் (படத்தை எடுத்தபடியே காட்டும் அமைப்பு) இருந்தால் அதைப் போட்டாலே போதும். அப்புறம் ஒன்று: என் டிவியில் இது ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனி. செட்டாப் பாக்ஸுக்கு மட்டும் அணைத்துவிட்டு, ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் ஏன் மாறவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மேட்ச் பார்க்கும்போது மட்டும் லேசாக வைத்துக்கொள்கிறேன், பந்து தெளிவாகத் தெரிகிறது.