கொடியும் மரமும் தண்ணீர் ஏற்றுவதை வாய்க்கால் கரையிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு இதற்கு ஆய்வகமெல்லாம் வேண்டாம். வாய்க்கால் கரையில் பூவரசு நிற்கும், பக்கத்து வேலியில் சீந்தில் கொடி படர்ந்திருக்கும். இரண்டிலும் சுண்டுவிரல் பருமனில், இலையோடு, இரண்டடி நீளத்துக்கு இரண்டிரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கையோடு ஒரு பக்கெட் தண்ணீரும் எடுத்துப் போங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். செங்காந்தள், குன்றிமணிக் கொடி பக்கம் மட்டும் போக வேண்டாம், இரண்டும் நஞ்சு.

முதலில் வலு. இரண்டிலும் இலையைக் கழித்து ஓரடித் துண்டு எடுத்து, ஒரு முனையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு முனையில் ஒரே கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பூவரசு கொஞ்சம் வளைந்து நிற்கும், சீந்தில் தொய்ந்துவிடும். அப்புறம் ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். பூவரசு முறிந்து பட்டை நாரில் தொங்கும். சீந்தில் கயிறுபோலப் புரிபுரியாகப் பிரியும், ஏனென்றால் அதன் கட்டை ஒரே திரளாக இல்லை, வண்டிச்சக்கரத்து ஆரக்கால் போலத் தனித்தனிக் கீற்றுகளாக, இடையில் மெத்தென்ற திசுவோடு இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இதில் உண்டு: மரத்தில் இளந்தளிர் வளையும், முதிர முதிர விறைக்கும், கட்டைக்கொடிகள் பலவற்றில் இது தலைகீழ். நுனிதான் துணை தேடிக் காற்றில் தானே நிற்க வேண்டும், அதனால் அந்த இடம் ஓரளவு விறைப்பு. பற்றிக்கொண்ட பிறகு கீழ்த்தண்டுக்கு அந்தக் கவலை இல்லை, அது நெகிழ்ந்துவிடுகிறது.

அடுத்து, புது பிளேடால் குறுக்கே சீராக நறுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். சீந்திலில் ஊசியால் குத்தியது போன்ற துளைகள் தெரியும். அவைதான் தண்ணீர் ஏறும் சைலக் குழாய்கள். பூவரசில் அவ்வளவு எளிதில் தெரியாது, லென்ஸ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தாங்கி நிற்கும் வேலையை அடுத்த மரத்திடம் விட்டுவிட்டதால், கட்டைக்குப் போக வேண்டியதைக் கொடி அகலமான குழாயில் போடுகிறது. அந்த அகலம் சாதாரண லாபம் இல்லை: அழுத்தம் மாறாமல் குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு, மூன்று மடங்கானால் 81 மடங்கு. ஒல்லித் தண்டு அவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுப்பது இப்படித்தான்.

இப்போது சாயம். மீதி இருக்கும் இலையுள்ள கிளைகளின் அடியைப் பக்கெட் தண்ணீருக்குள் முக்கியபடியே ஓர் அங்குலம் மறுபடி வெட்டி, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரில் வைத்து வெயிலில் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மேலிருந்து அங்குலம் அங்குலமாக நறுக்கி, சாயம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இலை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். இன்னொரு சீந்திலை உச்சிவெயிலில் காற்றிலேயே வெட்டி, மறுவெட்டு இல்லாமல் அப்படியே வைத்தும் பாருங்கள். இலை இழுக்கும் இழுப்பில் வெட்டுவாய் வழியாகக் காற்று உள்ளே போய் நீண்ட தூரத்துக்குக் குழாயை அடைத்துவிடும், சாயம் ஏறத் திணறும். பக்கெட் இதற்குத்தான். அகலக் குழாய்க்கு இது பெரிய பலவீனம், தண்ணீர் வேகமாகப் போகும், காற்று புகுந்து நீரோட்டம் அறுந்தால் சேதமும் அதிகம்.

வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நட்டு அதில் கொடியைக் கட்டுவதும் தாங்கும் வேலையை அகத்தியிடம் விடுவதற்குத்தான். கம்பியோ நைலான் கயிறோ வேண்டாம், தண்டு நசுங்கினால் உள்ளே தண்ணீர் தடைபடும். வாழைநாரில், தண்டுக்கும் கட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும்படி, 15 முதல் 20 செ.மீ.க்கு ஒரு கட்டுப் போடுங்கள். கணுவில் வரும் வேர்கள் அகத்தியைப் பிடித்துக்கொள்ளும் வரை அந்தக் கட்டுதான் அதற்கு முதுகெலும்பு.