பழைய அவுட்போர்டு மோட்டார்: மூடியில் உள்ள பெயரைப் பார்த்து வாங்கும் தவறு

சின்னப் படகின் பின்பலகையில் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "யமஹாவா, சுசுகியா, எது நல்லது?" என்பதுதான். புது மோட்டாருக்கு அந்தக் கேள்வி சரி. பத்து வருடம் உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாருக்கு அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. உப்பு உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்பது முதல் கேள்வி. கோளாறு வந்தால் நம் சென்னையின் காசிமேட்டிலோ பக்கத்துக் கோவளத்திலோ அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆளும், போட வேண்டிய ஸ்பேரும் கிடைக்குமா என்பது இரண்டாவது. இவை தெரியாமல் பிராண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்தான் மற்ற தவறுகள் தொடங்குகின்றன.

பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு

மெர்குரி பெயரில் வந்த 30 குதிரைத்திறனுக்கு உட்பட்ட சின்ன மோட்டார்களில் பலவற்றைத் தயாரித்தது ஜப்பானின் டொஹாட்சு. மெர்குரி ஸ்பேர் கிடைக்கவில்லை என்று அலைகிறவர், அதே பாகத்தை டொஹாட்சு எண்ணில் தேடினால் பல சமயம் கிடைத்துவிடும். ஜான்சன் பெயரில் 2000-களில் வந்த சில ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் சுசுகி தயாரிப்பு. ஜான்சனையும் எவின்ரூடையும் தயாரித்த ஓஎம்சி நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. பிறகு கனடாவின் பிஆர்பி நிறுவனத்தின் கைக்குப் போய், 2020-இல் எவின்ரூடு உற்பத்தியே நின்றுவிட்டது. அந்த மோட்டார்கள் நல்ல மோட்டார்கள்தான். ஆனால் இக்னிஷன் பெட்டி போனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அதுவரை படகைக் கரையில் ஏற்றிவைக்க வேண்டியிருக்கும். விலை குறைவு என்று அதில் கை வைக்காதீர்கள்.

பார்சன், ஹைடியா போன்ற சீனத் தயாரிப்புகளில் 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக், யமஹாவைப் பார்த்துச் செய்தது. நிறைய பாகங்கள் பொருந்தும், எல்லாமே பொருந்தாது. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

குதிரைத்திறன் ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். யமஹா டூ ஸ்ட்ரோக்கில் 9.9-ம் 15-ம் ஒரே 246 சிசி, இரட்டை சிலிண்டர். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஸ்டிக்கரை மாற்றி ஒட்ட இரண்டு நிமிடம் போதும். படகில் மாட்டும் கிளாம்ப் பிராக்கெட்டின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டில் மாடல் எழுத்தும் சீரியல் எண்ணும் பொறித்திருக்கும், அதைப் படியுங்கள். தகடு இல்லை, அல்லது எண் அரம் போட்டுத் தேய்க்கப்பட்டிருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். திருட்டு மோட்டாராக இருக்கலாம். மானியத்தில் வாங்கிய மோட்டாரா என்றும் கேளுங்கள். ஆம் என்றால், விற்க அனுமதி உண்டா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் உறுதி செய்யாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் பிராண்டை எப்படித்தான் முடிவு செய்வது? மாடல் எழுத்தைக் குறித்துக்கொண்டு ஸ்பேர் கடைக்குப் போன் போட்டு ஐந்து பொருள்களைக் கேளுங்கள்: வாட்டர் பம்ப் கிட், கார்புரேட்டர் கிட், இக்னிஷன் காயில், ஹெட் கேஸ்கெட், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆயில் சீல். மூன்றுக்கு மேல் "ஆர்டர் போட்டாத்தான் வரும்" என்றால் அந்த மோட்டார் வேண்டாம். ஆயில் சீல், பேரிங் மட்டுமாவது அளவு சொன்னால் பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் தேடிப் பிடிக்கலாம். கியர், வாட்டர் பம்ப் கூடு போன்றவற்றைப் புதுப்பேட்டையில் நாள் முழுக்கச் சுற்றினாலும் தேற்றுவது கஷ்டம்.

கரையைப் பார்க்காமல் மோட்டார் பார்ப்பது

பட்டினப்பாக்கம், ஊரூர் குப்பம் மாதிரி ஜெட்டி இல்லாத கரையில் அலையைக் கடந்துதான் படகைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் மோட்டாரைத் தூக்கிச் சாய்க்க வேண்டும், பல நாள் கழற்றித் தோளில் சுமக்கவும் வேண்டும். யமஹா 15 டூ ஸ்ட்ரோக் சுமார் 36 கிலோ. அதே திறனுள்ள யமஹா ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தாண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எண்ணெய்ச் செலவும் புகையும் குறைவு; பழவேற்காடு ஏரி, முட்டுக்காடு போன்ற அமைதியான தண்ணீருக்கு அதுதான் நல்லது. அலைக்கரைக்கு டூ ஸ்ட்ரோக்கையே பரிந்துரைப்போம்.

ஷாஃப்ட் நீளத்தில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். படகின் பின்பலகை உச்சியிலிருந்து அடிப்பகுதி வரை டேப் வைத்து அளந்தால் 15, 20, 25 அங்குலங்களில் ஏதோ ஒன்றுக்குப் பக்கத்தில் வரும். மோட்டாரின் ஷாஃப்டும் அதே அளவில் இருக்க வேண்டும். புரொப்பல்லருக்கு மேலே கிடையாக ஒரு தகடு இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். குட்டையாக இருந்தால் அலையில் காற்றை இழுத்து இன்ஜின் வீறிடும், படகு நகராது. நீளமாக இருந்தால் மணலில் இடிக்கும்.

மண்ணெண்ணெய் மோட்டாரும் பெட்ரோல் மோட்டாரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மண்ணெண்ணெய் மோட்டாரில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) குறைவாக வைத்திருப்பார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காமல் மறுநாள் எளிதில் கிளம்பும். பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டியிருந்தால் பிஸ்டன் அடிவாங்கியிருக்கும்.

பார்க்கப் போகும் இடத்தில்

மூடியைத் திறந்ததும் சிலிண்டர் ஹெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். ஆறும் வரை காத்திருங்கள். "ஷெட்லயே ஒரு இழு இழுத்துக் காட்டுறேன்" என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நொடிகளிலேயே பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகத் தொடங்கும். 200 லிட்டர் டிரம்மில் அந்தக் கிடைத்தகடு மூழ்கும் வரை தண்ணீர் நிரப்பி அதில் இறக்கச் சொல்லுங்கள்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை இன்ஜின் உடலோடு எர்த் செய்து, திராட்டிலை முழுதாகத் திறந்து, பிளக் துளையில் பொருத்திய கம்ப்ரஷன் மீட்டரின் முள் ஏறாமல் நிற்கும் வரை ஐந்தாறு முறை கயிறு இழுக்க வேண்டும். சின்ன டூ ஸ்ட்ரோக்கில் பொதுவாக 90 முதல் 120 பிஎஸ்ஐ வரை காட்டும். அந்த எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம்: 110-ம் 105-ம் என்றால் நிம்மதி; 110-ம் 80-ம் என்றால் ரிங்கோ சிலிண்டரோ போயிருக்கிறது. சில ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்களில் எளிதாக இழுப்பதற்காகக் கம்ப்ரஷனை விடுவிக்கும் அமைப்பு உண்டு, அவை குறைவாகவே காட்டும். ஒரு பிராண்டின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு "இது வீக்" என்று தள்ளுவது தவறு.

பின்னால் பீச்சும் தண்ணீரைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிட வேண்டாம். பம்ப் வேலை செய்கிறது என்று மட்டுமே அது சொல்லும். இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வைச் சுற்றி உப்பு கட்டியிருந்தால் தண்ணீர் பீச்சிக்கொண்டே ஹெட் கொதிக்கும். பத்து நிமிடம் ஓடிய பின் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஆவி பறக்கக் கூடாது.

கியர் ஆயிலுக்கு நேரம் ஒதுக்குங்கள். மோட்டார் சில மணி நேரமாவது அசையாமல் நிமிர்ந்து நின்றிருந்தால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். கீழ்க் கியர்ப்பெட்டியில் இரண்டு ஸ்குரூ உண்டு. மேல் ஸ்குரூவைத் தொடாமல் கீழே உள்ளதை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் நாலைந்து சொட்டுதான் வரும். அதைக் கண்ணாடித் தம்ளரில் பிடியுங்கள். தெளிந்த தண்ணீராக விழுந்தாலோ, பால் கலந்த காபி நிறத்தில் வந்தாலோ சீல் போய்விட்டது. ஸ்குரூ முனையில் காந்தம் இருந்தால் விரலால் வழித்துப் பாருங்கள். கண்மை போலக் குழைவாக இருந்தால் இயல்பான தேய்மானம். ஊசி ஊசியாகக் குத்தினால் கியர்ப் பல் உடைந்திருக்கிறது. ஆயில் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதுதான். டிரம்மில் குறைந்த வேகத்தில் கால் மணி நேரம் கியர் போட்டு ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். முடிந்தால் புரொப்பல்லரைக் கழற்றி ஷாஃப்டில் தங்கூசி நரம்பு (நைலான் மீன்பிடி நூல்) சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் கடலில் சீலை அறுப்பது பெரும்பாலும் அந்த நரம்புதான்.

புது பெயின்ட் அடித்த கியர்ப்பெட்டியில் மயங்காதீர்கள். அலுமினியம் பூத்து வெள்ளைப் பொடி கிளம்பிய இடங்களை மறைக்கத்தான் பல நேரம் அடிக்கிறார்கள். அரிமானத்தைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி மேலேயும் பெயின்ட் இருந்தால் அது வேலையே செய்யாது. ஒரு போல்ட்டையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உப்பில் இறுகி முறிந்தால், உள்ளே எல்லா போல்ட்டும் அப்படித்தான் இருக்கும். ஃப்ளைவீலுக்குக் கீழே காய்ந்த சேறு தெரிந்தால் வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார். 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் கண்ட ஊர் இது, அப்படி வருவதில் ஆச்சரியமில்லை. பேரிங் துரு பிறகுதான் தெரியவரும் என்பதால் எந்த விலைக்கும் வேண்டாம்.

வாங்கிய பிறகு

குட்டியானையில் ஏற்றும்போது தலைப்பகுதி எப்போதும் புரொப்பல்லரைவிட உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் மோட்டாரின் கீழ்க்கால் பகுதியில் தேங்கிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கைக் குறிப்பிட்ட ஒரு பக்கமாக மட்டுமே படுக்க வைக்கலாம். எந்தப் பக்கம் என்று மோட்டாரிலோ கையேட்டிலோ குறித்திருக்கும். மாற்றிப் படுக்க வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் இம்பெல்லரையும் பெட்ரோல் ஹோஸையும் அதில் உள்ள கையமுக்கு ரப்பர் பல்பையும் யோசிக்காமல் மாற்றுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்பவைக்கும். கடற்கரைக் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால் மாதக்கணக்கில் டேங்கில் தேக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு பைக் 2டி ஆயில் கூடாது. தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கு அது பிஸ்டனில் சாம்பல் கட்டும். டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட ஆயிலே வாங்குங்கள். 50-க்கு 1 என்ற விகிதம் உங்கள் மாடலுக்குப் பொருந்தினால் லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டர் கேனுக்கு 100 மில்லி.