பார்தாஸ் படத்தைப் பாதியில் அணைக்காமல் பார்ப்பது எப்படி

லிதுவேனிய இயக்குநர் ஷாரூனாஸ் பார்தாஸின் படத்தை யாரோ சொன்னார்கள் என்று போட்டு, இருபதாவது நிமிடத்தில் "என்னதான்யா நடக்குது?" என்று அணைத்தவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அப்படி அணைத்தவன்தான்.

நான் செய்த தப்பு, 1995-ல் வந்த 'காரிடார்' படத்தில் தொடங்கியது. கறுப்பு வெள்ளை, வசனமே கிடையாது, ஒரு பழைய குடியிருப்பும் அதில் ஒதுங்கிக் கிடக்கும் மனிதர்களும் மட்டும். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1991-ன் 'மூன்று நாட்கள்'. லிதுவேனிய இளைஞர்கள் இருவர் கலினின்கிராட் போகிறார்கள், பெண்களைச் சந்திக்கிறார்கள், ராத்திரி தங்க ஓர் இடம் தேடி அலைகிறார்கள். கதை அவ்வளவுதான். எப்போது சூடு பிடிக்கும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள்.

போடும் முன் ஒன்று தெரிந்திருந்தால் போதும். கலினின்கிராட் 1945 வரை ஜெர்மன் நகரம், 1946 வரை அதன் பெயர் கோனிக்ஸ்பெர்க். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சோவியத் கைக்கு வந்தது, ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு வேறு ஆட்கள் குடியேற்றப்பட்டார்கள். படம் வந்த வருடமே சோவியத் ஒன்றியமும் உடைந்தது. ஊருக்கே வேர் இல்லாதபோது, அங்கே அலைகிறவர்களுக்குப் போக்கிடம் எங்கே இருக்கும்?

அப்புறம், செல்போனில் பார்க்காதீர்கள். அறையை இருட்டாக்கி ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இவர் படத்தில் பேச்சு குறைவு, காலடி, கதவு, தூரத்து இரைச்சல் இவைதான் பாதிப் படம். கேமரா ஒரு முகத்தில் நின்றுவிட்டால் இவர் யார், என்ன உறவு என்று கேட்காமல், அந்த ஆள் எதைப் பார்க்கிறார், கை என்ன செய்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனியுங்கள். இந்தப் படங்களில் நடித்த யெகதெரீனா கோலுபெவாவின் முகத்தை இப்படிப் பார்த்த பிறகுதான் எனக்குப் படம் பிடிபட்டது. தூக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் முதலிலிருந்து பாருங்கள், நீளமான படமில்லை. வேகத்தைக் கூட்டி ஓட்டுவதாக இருந்தால் மட்டும் பார்க்கவே வேண்டாம்.

இரண்டும் ஒத்துவந்தால் 2005-ன் 'கண்ணுக்குத் தெரியாத ஏழு பேர்'. கார் திருடர்கள் தப்பி ஓடிக் கிரிமியாவில் ஒரு வீட்டில் ஒதுங்குகிறார்கள், பிற்பாதி முழுக்கக் குடியும் புலம்பலும்தான். இதில் நிறையவே பேசுகிறார்கள், அதனால் சப்டைட்டில் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.