எம்.டெக் சேரும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள்

படி 1: வேண்டுமா என்று பாருங்கள்
"வேலை கிடைக்கவில்லை, எம்.டெக் சேர்ந்துவிடலாம்" என்பவர்கள் ஒரு வாரம் பொறுங்கள். நீங்கள் போக நினைக்கும் வேலைக்கான விளம்பரங்களில் பத்தைப் படியுங்கள். ஒன்றிரண்டில்தான் எம்.டெக் கேட்கிறார்கள் என்றால், கிடைக்கிற வேலைக்குப் போங்கள். எம்.டெக் சேர்க்கைக்கான தேசியத் தேர்வான கேட்டில் வாங்கும் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும், அப்புறமும் சேரலாம். ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் வேலை, சிப் வடிவமைப்பு என்றால் கதை வேறு.

படி 2: தேர்வு
கேட் தேர்வை பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற பொதுக் கலந்தாய்வு. ஐ.ஐ.டி.களுக்குத் தனித்தனியாக விண்ணப்பித்து, அவர்கள் தரும் இடத்தை கோஆப் (COAP) என்ற பொது இணையதளத்தில் ஏற்க வேண்டும். கேட் எழுதாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் சீட்டா-பி.ஜி. (CEETA-PG) என்ற மாநில நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஆனால் அடுத்த படியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 3: பணம்
கேட் மதிப்பெண்ணோடு முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. 24 மாதத்துக்கு 2,97,600. கேட் இல்லாவிட்டால் இது கிடையாது. தாளின் ஒரு பக்கம் இதை எழுதுங்கள். மறுபக்கம் கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், ஊருக்குப் போய்வரும் செலவு. துண்டு விழுவது எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். வங்கியில் கூடுதலாகத் தருகிறேன் என்பார்கள், மயங்காதீர்கள். 5 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு ஒரே தவணையில் வாங்கினால், படிக்கும் 2 ஆண்டும் அடுத்த ஓராண்டும் சேர்த்துத் தனி வட்டியே 1.5 லட்சம். முதல் தவணை கட்டும் முன்பே கடன் ஆறரை லட்சம்! அந்த வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் பாரம் ஏறாது.

இன்னொன்று: உதவித்தொகை முதல் மாதமே வராது. எனக்கு நான்காம் மாதம்தான் வந்தது. அதுவரை மெஸ் பாக்கி. மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதாரோடு இணைந்திருக்கட்டும்.

படி 4: கைடு (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்)
இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரிய பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். அவரிடம் படிக்கும் சீனியரை மெஸ்ஸில் பிடித்து, "சார் உங்க ரிப்போர்ட்டை எத்தனை நாளில் திருத்தித் தருவார்? போன வருஷம் எத்தனை பேர் நேரத்துக்கு முடித்தார்கள்?" என்று கேளுங்கள். சீனியர் பதில் சொல்லாமல் சாம்பாரையே கிளறிக்கொண்டிருந்தால், வேறு கைடு தேடுங்கள்.