மெதுவாக உலரும் அக்ரிலிக்கில் சிறு காட்சிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் குளத்தின் மேற்குக் கரையில் நின்று பார்த்தால், நீருக்கு அப்பால் சிறிய மேற்குக் கோபுரமும், அதன் பின்னே ஏறத்தாழ 37 மீட்டர் உயரமுள்ள கிழக்கு ராஜகோபுரமும் தெரியும். இக்காட்சியைச் சிறு பலகையில் மெதுவாக உலரும் அக்ரிலிக் கொண்டு தீட்டுவோர் செய்யும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர் ஒன்றுதான்: வண்ணம் ஈரமாக இருக்கிறதே என்று எல்லா வேலையையும் ஒரே பூச்சில் முடிக்க முயல்வது.

அந்த ஈரம் வானம், குளத்து நீரில் விழும் நிழல், தொலைவில் மங்கும் கோபுரம் ஆகியவற்றை இழைத்துக் கலப்பதற்கே உரியது. படிக்கட்டுகளின் கோடுகளையும் சுதைச் சிற்பங்களையும் அதே ஈரத்தின் மேல் இழுத்தால், தூரிகை அடியிலுள்ள வண்ணத்தையும் வாரிக்கொண்டு வரும்; கூர்மையான பச்சைக் கோடு சாம்பல் கறையாகிவிடும். அடிப்பூச்சு உலரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஓரத்தில் ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்துப் பார்க்கும்போது பஞ்சில் நிறம் ஏறினால், நுண்வேலைக்கு இன்னும் நேரம் வரவில்லை.

நுண்வேலையிலும் அளவு தேவை. ராஜகோபுரம் படத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் பெற்றால், ஒன்றரை மீட்டர்ச் சிற்பத்துக்குக் கிடைப்பது 4 மில்லிமீட்டர்தான். அதில் கண்ணையும் மூக்கையும் வரைய முற்படுவதைவிட, வெயில் படும் பக்கத்துக்கு ஒரு வெளிர் புள்ளி, நிழலுக்கு ஓர் அடர் புள்ளி என வைத்தால் சிற்பம் தானே எழுந்து நிற்கும். முன்னால் நிற்கும் மேற்குக் கோபுரத்துக்குத் தெளிவைக் கொடுத்துவிட்டு, பின்னுள்ளதைச் சற்று மங்கலாகவே விட வேண்டும். இரண்டையும் ஒரே கூர்மையில் தீட்டினால் இடையிலுள்ள தூரம் மறைந்துபோகும்.

வண்ணத்தை இளக்கத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவதும் தவறு. தண்ணீர் வேகமாக ஆவியாவதால் வேலை நேரம் குறைவதோடு, பசைத்தன்மையும் நீர்த்துப் பூச்சு வலுவிழக்கிறது. சாதாரண அக்ரிலிக்கோடு ரிட்டார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் சேர்மானம்) சேர்ப்பவர்கள் புட்டியில் குறித்துள்ள அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பூச்சு நெடுநாள் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலச் சென்னைக் காற்றில் இந்தத் தொல்லை இரட்டிக்கும். ஆகவே தடிமனாக அப்பாமல், மெல்லிய பூச்சுகளாக அடுக்குவதே நல்லது. முழுதும் உலராத அடுக்கின் மேல் விரைவாக உலரும் அக்ரிலிக்கைப் பூசினால், அடியும் மேலும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி விரிசல் விடக்கூடும்.

ஈரத்தில் பால் போலிருக்கும் பசை உலர்ந்ததும் தெளிவதால், அக்ரிலிக் நிறம் சற்று அடர்ந்து தெரியும். மாலை வானத்தை ஒரு படி வெளிறக் கலந்து, துண்டுத் தாளில் உலர்த்திப் பார்த்த பிறகே பலகையில் வைக்க வேண்டும். வார்னிஷுக்கு அவசரம் வேண்டாம்: மெல்லிய பூச்சானாலும் ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும், தடித்த இடங்களுக்கு அதற்கும் மேல்.