பந்தைத் தூக்காதீங்க: கோல்ஃப் பழக ஒரு லேத்துக்காரனின் வழி

நான் முதன்முதலில் வாங்கிய கிளப் (கோல்ஃப் மட்டை) டிரைவர், தூரமாக அடிப்பதற்கான பெரிய தலை வைத்தது. கடையில் பார்க்கப் பெரிதாக, பளபளவென்று இருந்தது. 16,000 ரூபாய் கொடுத்தேன். மூன்று மாதம் அதை வைத்து அடித்ததில் பாதிப் பந்து தரையோடு உருண்டது, மீதி வேலி தாண்டியது. இப்போது அது வீட்டுப் பரணில், பழைய ஆட்டுக்கல் குழவிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

எனக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. நாள் முழுக்கக் கோணமும் மில்லிமீட்டருமாகப் பிழைக்கிறவன். அப்படிப்பட்டவனுக்கே இந்த விளையாட்டில் கோணம் என்ன வேலை செய்கிறது என்று புரிய எட்டு மாதம் பிடித்தது. ஒரு வாடிக்கையாளர் செட்டிபாளையம் மைதானத்துக்கு என்னைக் கூட்டிப்போய் இரண்டரை வருடம் ஆகிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் என் வழியில் போய்க் காசையும் இடுப்பையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பார், போகி என்றால் என்ன என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: நாலே நாலு கிளப்

விதிப்படி பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளலாம் என்றுதான் விதி, வைத்தே ஆகவேண்டும் என்று இல்லை. முதல் ஆறு மாதத்துக்கு 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கு), பிட்சிங் வெட்ஜ் (கிட்டத்திலிருந்து உயர்த்தி அடிக்க), சாண்ட் வெட்ஜ் (மணல் குழியிலிருந்து எடுக்க), பட்டர் (குழியை நோக்கி உருட்ட) இந்த நாலும் போதும். கை பழகியபின் ஐந்தாவதாக, தூரமாக அடிக்க, ஒரு ஹைப்ரிட் சேர்த்துக்கொள்ளுங்கள். (வீட்டில் "பட்டர் வாங்கணும்" என்று சொல்லப்போய், என் அம்மா காரமடை கோவில் பட்டரை எதற்கு வாங்குகிறான் என்று குழம்பிப்போனார்.)

அயர்ன் வாங்கும்போது பின்பக்கம் குழிந்த கேவிட்டி பேக் வகையாகப் பாருங்கள். இதைப் பிரபலமாக்கியவர் கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்தவர். தனக்குப் பட்டிங் சரியாக வரவில்லை என்று 1959இல் தானே ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டதும் வந்த 'பிங்' சத்தத்தையே பெயராக வைத்துவிட்டார். அவர் செய்த வேலை இவ்வளவுதான்: நடுவில் இருந்த எடையை எடுத்து ஓரங்களுக்குத் தள்ளினார். அதனால் பந்து நடுவில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் கிளப்பின் தலை அவ்வளவாகத் திரும்பாது. நம் ஊரில் ஃபவுண்டரி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்தத் தலைகளில் பெரும்பாலானவை மெழுகு அச்சு வைத்து வார்ப்பவைதான். பட்டையாக, ஒல்லியாக, அழகாக இருக்கும் பிளேடு வகையை நன்றாக ஆடுகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

புதிது வேண்டாம், பழையதே வாங்குங்கள். என் பழைய செட் 9,000 ரூபாய். பழையதில் பார்க்க வேண்டியவை: தலையை ஒரு கையில் இறுக்கிப் பிடித்து மறுகையால் பிடியைத் திருகுங்கள். கொஞ்சம் அசைந்தாலோ உள்ளே கடகட என்றாலோ வேண்டாம். தலையும் தண்டும் பசையால் ஒட்டியவை. பசை விட்டால் வீசும்போது தலை பறந்து போகும். பந்தில் படும் முகத்தில் இருக்கும் கோடுகளில் நகத்தை ஓட்டுங்கள், நகம் மாட்ட வேண்டும். தண்டு தலைக்குள் இறங்கும் இடத்தில் துரு இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது யாரும் எனக்குச் சொல்லாதது. அயர்னில் எண் கூடக் கூட முகத்தின் சாய்வு கூடும், தூரம் குறையும். ஆனால் என்னுடைய 8 அயர்னும் 9 அயர்னும் ஒரே தூரம் போயின. என் கைதான் சரியில்லை என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பட்டறையில் பெவல் புரோட்ராக்டரை (கோணம் அளக்கும் கருவி) எடுத்து முகத்தின் சாய்வை அளந்து பார்த்தால் 7 அயர்ன் 34 டிகிரி, 8 அயர்ன் 38, 9 அயர்ன் 39. வேறு செட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சொருகி விற்றிருக்கிறார்கள். எண்ணை நம்பாதீர்கள், கோணத்தை அளந்து பாருங்கள். புது செட்டுகளிலும் இதே கதை வேறு மாதிரி நடக்கிறது. முன்பு 35 டிகிரி இருந்த 7 அயர்ன் இன்று பல செட்டுகளில் 30க்கும் கீழே. பழைய 6 அயர்னுக்கு 7 என்று எண் போட்டுவிட்டு "தூரம் கூடுது பாருங்க" என்றால் கூடத்தானே செய்யும்!

பந்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். குளத்திலும் புதரிலும் பொறுக்கிய பந்துகள் மலிவாகக் கிடைக்கும், அது போதும். கையுறை ஒன்று, வலதுகைக்காரருக்கு இடது கைக்கு. நம் ஊர் வேர்வைக்குத் தோல் கையுறை சீக்கிரம் காய்ந்து விறைத்துப் போகிறது, நான் செயற்கைத் துணி வகைக்கு மாறிவிட்டேன். காலர் வைத்த டி-சர்ட் கேட்பார்கள். பக்கத்தில் திருப்பூரை வைத்துக்கொண்டு அதற்குமா வழி சொல்லவேண்டும்?

படி 2: பிடி மாற்றுதல்

பழைய கிளப்பில் ரப்பர் பிடி காய்ந்து வழுக்கும். கடைக்குக் கொடுக்க வேண்டாம், வீட்டிலேயே மாற்றலாம். பழைய பிடியைக் கத்தி உங்கள் பக்கம் வராதபடி கிழியுங்கள். ஒட்டியிருக்கும் பழைய டேப்பைச் சுரண்டி எடுங்கள். இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றுங்கள். புதுப் பிடிக்குள்ளும் டேப்பின் மேலும் மினரல் டர்பெண்டைன் ஊற்றி, ஒரே மூச்சில் தள்ளி ஏற்றுங்கள். நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரவு முழுக்கக் காய விடுங்கள். சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. நான் கையில் இருந்த மண்ணெண்ணெயை ஊற்றி மாட்டினேன். அது ஆவியாகாமல் உள்ளேயே நின்று, மறுநாள் வீசும்போது பிடி கைக்குள்ளேயே திரும்பியது.

படி 3: பிடிக்கும் விதம்

சுருக்கமாகச் சொல்கிறேன்: இடது கையில் கிளப் விரல்களின் அடியில் உட்கார வேண்டும், உள்ளங்கையில் இல்லை. கிரிக்கெட் ஆடியவர்கள் கீழ்க்கையால் இறுக்குவார்கள், அது கூடாது. இதை மட்டும் ஒரு பயிற்சியாளரிடம் நேரில் காட்டிச் சரிபாருங்கள். நாலு வகுப்புக்குக் கொடுக்கும் காசு, நூறு வீடியோ பார்க்கும் நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

படி 4: கோலமாவுக் கோடு

என்னை எட்டு மாதம் நிறுத்தி வைத்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பந்து தரையில் கிடக்கிறது, அது மேலே போக வேண்டும். மனசு என்ன சொல்லும்? கிளப்பைப் பந்துக்கு அடியில் விட்டு, கரண்டியில் அள்ளுகிற மாதிரி அள்ளு என்று சொல்லும். நானும் அள்ளினேன். அள்ளும்போது உடம்பு எடை வலது காலிலேயே தங்கிவிடும். வீச்சின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் போய்விடும். விளைவு இரண்டில் ஒன்று: கிளப் முதலில் மண்ணை வெட்டி, பந்து பத்தடி நகரும். இல்லையென்றால் தரையைத் தொட்டுவிட்டு மேலே ஏறும்போது, விளிம்பு பந்தின் வயிற்றில் இடித்து, பந்து தரையோடு பாம்பு மாதிரி ஓடும். பந்தின் விட்டம் 42.67 மி.மீ. பாதி 21 மி.மீ. சொச்சம். கூத்தெல்லாம் அந்த 21 மி.மீ.க்குள்தான்.

மைதானத்தில் எனக்குப் பை தூக்கிய கேடி அண்ணன் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாருக்குப் பந்து மேல போகோணும்னு ஆசைங்க. அதுக்குத்தானுங்க தலையவே சாய்ச்சு வெச்சுச் செஞ்சிருக்கான். நீங்க கீழ அடிங்க, அது மேல போயிக்குமுங்க."

34 டிகிரி. நானே அளந்து சுவரில் எழுதி வைத்திருந்த எண். மேலே அனுப்பும் வேலையை அந்தச் சாய்வு செய்கிறது, அதே வேலையை நானும் செய்ய முயன்று இரண்டையும் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி செய்முறை. தாராபுரம் பக்கம் மாமனார் ஊரில் மாடு மேயும் கொறங்காடு இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லும் சுற்றிக் கிளுவை வேலியும். மாடு இல்லாத மூலையில் கோலமாவால் ஒரு கோடு இழுத்தேன், கால்களுக்கு நடுவே, நான் பார்க்கும் திசைக்கு நேராக. பந்து கிடையாது. 7 அயர்னை அரை வீச்சு வீசி, புல்லில் கிளப் உரசிய தடத்தைப் பாருங்கள். தடம் கோட்டுக்குப் பின்னால், அதாவது வலது பக்கம் ஆரம்பித்தால் அள்ளுகிறீர்கள். கோட்டில் அல்லது அதற்கு இடப்பக்கம், இலக்கின் பக்கமாக, ஆரம்பித்தால் சரி. எடை இடது காலுக்கு வந்து, கைகள் கிளப் தலைக்குக் கொஞ்சம் முன்னே இருந்தால்தான் தடம் முன்னே நகரும். முதல் நாள் என் தடங்கள் எல்லாம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால். மாமனார் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்பிள்ளை, மண்ணைக் கொத்தறதுக்கா இத்தன காசு போட்டு வாங்குனீங்க? நம்மகிட்ட மம்பட்டி இருக்குதுங்களே" என்றார்.

தினம் 40 வீச்சு. மூன்றாவது வாரம் பத்துக்கு ஏழு தடம் கோட்டைத் தாண்டியது. அப்புறம்தான் கோட்டின் மேல் பந்தை வைத்தேன். முதல் பந்து போன சத்தமே வேறு.

சேர்த்தது: இதைப் படித்துவிட்டு ஒருவர் டிரைவரை வைத்துக் கோட்டுப் பயிற்சி செய்து, பந்து தென்னைமரம் மாதிரி நேரே மேலே போகிறது என்று எழுதியிருந்தார். டிரைவருக்கு இது பொருந்தாது. அதில் பந்து டீ (பந்தைத் தாங்கத் தரையில் குத்தும் சிறு முளை) மேல் நிற்கிறது, சற்று மேல்நோக்கி வரும்போதுதான் அடிக்க வேண்டும். இந்தப் பயிற்சி அயர்னுக்கும் வெட்ஜுக்கும் மட்டும்.

இன்னொரு சேர்க்கை: சிமெண்ட் தரையில் செய்யாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். புல் இல்லையென்றால் தடிமனான தென்னை நார் மிதியடி.

படி 5: மொட்டை மாடி

வீட்டிலேயே பந்தை அடித்துப் பழக நல்ல கிரிக்கெட் வலை ஒன்று, அதற்கு ஒரு முழம் பின்னால் பவானி ஜமுக்காளம். புது ஜமுக்காளம் வேண்டாம், கல்யாணத்துக்கு விரித்து விரித்துச் சாயம் போனது போதும். தொள தொளவென்று தொங்க விடவேண்டும். தொங்கும் துணி பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு அப்படியே கீழே போடும். ஒருவர் நாலு மூலையும் இழுத்துக் கட்டி, பந்து திரும்பி வந்து முழங்காலில் பட்டிருக்கிறது. இழுத்துக் கட்டினால் அது மத்தளம்.

கிளப் முகத்தில் கொஞ்சம் முகப் பவுடரைத் தடவி அடியுங்கள். பந்து எங்கே பட்டது என்று வட்டமாகத் தடம் தெரியும். விலை உயர்ந்த கருவி சொல்வதில் பாதியை இது சொல்லிவிடும்.

படி 6: பட்டிங்

கூடத்தில் ஒரு விரிப்பின் மேல் டம்ளரைப் படுக்க வைத்து ஆறடியிலிருந்து உருட்டுங்கள். மைதானத்துக் குழி 108 மி.மீ. அகலம், டம்ளர் வாய் அதைவிடச் சிறியது. ஒரு மாதம் டம்ளருக்கு அடித்துவிட்டுப் போனால் குழி கிணறு மாதிரி தெரியும். 2019 முதல் கொடிக்கம்பத்தை எடுக்காமலேயே பட் செய்யலாம் என்று விதி மாறிவிட்டது, நான் எடுப்பதில்லை.

படி 7: நோட்டு

அடித்த அடிகளின் மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள், பட் (பட்டரால் உருட்டிய அடி) எத்தனை என்று தனியாக எழுதுங்கள். என் முதல் பதினெட்டுக் குழி 131, அதில் பட் மட்டும் 46. 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் (ஆட்டத் திறனுக்கு ஏற்பக் கொடுக்கும் கூடுதல் அடிக் கணக்கு) முறையில் அதிகபட்சமே 54தான். 72 பார் (நன்றாக ஆடுகிறவர் எடுக்க வேண்டிய அடிகள் 72) மைதானத்தில் தோராயமாக 126. நான் அதற்கும் வெளியே! ஒரு வருடம் கழித்து 112, பட் 38. குறைந்த 19 அடிகளில் எட்டு பட்டில் குறைந்தவை. 16,000 ரூபாய் டிரைவர் ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

நோட்டில் இடத்தையும் மாதத்தையும் எழுதுங்கள். ஊட்டி மைதானத்தில் என் 7 அயர்ன் பத்து யார்டு கூடப் போனது. தேறிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். ஊட்டி 2,200 மீட்டர் உயரம், காற்று மெலிசு, யார் அடித்தாலும் கூடப் போகும். கீழே இறங்கியதும் பழைய தூரம்தான்.

ஆனி, ஆடியில் நம் பக்கம் வேறு கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 46 கிராம்கூட இல்லாத பந்து எம்மாத்திரம். எதிர்க்காற்றில் பலமாக அடிக்கத் தோன்றும். பலமாக அடித்தால் பின்சுழற்சி கூடி, பந்து மேலே ஏறி அப்படியே நின்று விழும். 8 அயர்ன் தூரம் என்றால் 6 அயர்னை எடுத்து, பிடியில் ஓர் அங்குலம் கீழே பிடித்து, முக்கால் வீச்சு மெதுவாக வீசுங்கள். பந்து தாழ்வாகக் காற்றுக்கு அடியில் போகும்.

போன மாதம் 101. நூறுக்குக் கீழே இன்னும் வரவில்லை. பதினெட்டாவது குழியில் மூன்று பட் போட்டேன். டிரைவரைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆடி முடிந்து காற்று இறங்கட்டும், முதலில் அதைப் பரணிலிருந்து இறக்குகிறேன்.